விட்டுப்போன திருகாணி

குழந்தை கூப்பிடும் மூன்று விநாடியில் என்னவெல்லாம் தப்பிப்போகிறது? வீட்டிலேயே தச்சுவேலை பார்க்கும் ஓர் அந்தமான் அப்பாவின் அனுபவம்.

கோடு நேராக இருந்தது. மூலைமட்டம் வைத்து, பென்சிலைச் சாய்க்காமல் இழுத்த கோடு. ரம்பத்தை அதன்மேல் வைத்து, பெருவிரல் நகத்தை அணைகொடுத்து, முதல் இழுப்பை இழுத்தேன். படாக் மரத்துக்கே உரிய செங்காவித் தூள் கொட்டியது. கடைசி இரண்டு இழுப்புக்கு முன்னால் பலகையின் நுனியை இடது கையால் தாங்கிக்கொண்டேன், சிராய் பிய்ந்துவிடக் கூடாதே என்று. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. துண்டு கையோடு வந்த பிறகுதான், நாலு அங்குலம் தள்ளி இன்னொரு கோடு கண்ணில் பட்டது.

நான் போட்ட கோடு அது. நான் அறுத்தது, என் மகள் போட்டது.

அவளுக்கு அப்போது நாலு வயது. தண்ணீர் வேண்டுமென்று கேட்டாள். பென்சிலையும் மூலைமட்டத்தையும் பலகைமேலேயே வைத்துவிட்டு உள்ளே போய், தம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் மூலைமட்டத்தின் தடித்த கட்டையைப் பலகையின் ஓரத்தில் அணைத்து, அலகை அமுக்கிப் பிடித்து, நான் செய்வதை அப்படியே செய்திருக்கிறாள். அவளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்தே பிடித்துக்கொண்டாள். வளைவும் நெளிவுமாகக் கிறுக்கியிருந்தால் எனக்கு உடனே தெரிந்திருக்கும். ஒழுங்காகப் போட்டதால்தான் ஏமாந்தேன்.

அவளைத் திட்டவில்லை. திட்ட அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது என் அப்பாவின் கட்டிலில் இருந்து எடுத்த பலகை.

கடைக்குப் போய் வேறு வாங்க முடியாத மரம்

சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு நாலு அங்குலத் தப்பு பெரிய விஷயமாகத் தோன்றாது. மரவாடிக்குப் போனால் இன்னொரு பலகை கிடைக்கும். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது) கதை வேறு.

படாக் இந்தத் தீவுகளின் மாநில மரம். வானத்தை முட்ட வளர்ந்து, அடியில் பலகைபோல் விரிந்த வேர்களை ஊன்றி நிற்கும். அந்த வேர்ப்பலகை ஒன்றே ஒரு சாப்பாட்டு மேசைக்குப் போதும். புதிதாக அறுத்தால் செக்கச்செவேலென்று இருக்கும். ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறும். இழைத்த தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. கர்ஜன், பைன்மா, கோக்கோ, சுக்லம், மார்பிள்வுட் என்று அந்தமான் மரங்களின் பெயர்களைத் தச்சர்கள் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். கர்ஜனில் பிசின் அதிகம், ரம்பப் பல்லில் அப்பிக்கொள்ளும். படாக் அப்படியில்லை. கனம், ஆனால் சொன்னபடி கேட்கும்.

இவற்றையெல்லாம் அறுத்த இடம் சாத்தம். ஊரை ஒட்டிய குட்டித் தீவு, நடுவே ஒரு சிறு பாலம். 1883இல் தொடங்கிய அரசு மர ஆலை அங்கே இருக்கிறது. ஆசியாவின் மிகப் பழைய மர ஆலைகளில் ஒன்று. காட்டில் யானைகள் இழுத்துப் போட்ட மரங்களைக் கடலில் மிதவையாகக் கட்டி இங்கே கொண்டுவந்தார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியர் போட்ட குண்டு விழுந்த பள்ளம் ஆலை வளாகத்தில் இன்றும் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுவார்கள். என் மகளும் போய்வந்தாள். வந்ததும் கேட்ட கேள்வி: “அவ்ளோ பெரிய ரம்பத்துக்கு யாருப்பா கோடு போடுவா?”

2002 மே 7 எங்கள் ஊர் தச்சர்கள் மறக்காத தேதி. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்துக் காடு அழிவதைத் தடுக்க டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு, இந்தியாவின் காடுகள் அனைத்துக்குமான வழக்காக விரிந்தது. அதில்தான், சேகர் சிங் ஆணையம் தந்த அறிக்கையின் அடிப்படையில், அந்தமான் நிக்கோபார் காடுகளில் மரம் வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் கடும் கட்டுப்பாடு விதித்தது. தீவைவிட்டு வெளியே மரம் போகக் கூடாது. உள்ளூர் மக்களின் தேவைக்கு மட்டும் அளவாக வெட்டலாம். தீப்பெட்டிக் குச்சிக்கும் ப்ளைவுட்டுக்கும் இங்கே இயங்கிவந்த தனியார் ஆலைகளின் காலம் அதோடு முடிந்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். காடு போயிருந்தால் இந்தத் தீவில் குடிதண்ணீரே இருந்திருக்காது. ஆனால் ஒரு விளைவும் கூடவே வந்தது. என் அப்பா பரமக்குடிப் பக்கமிருந்து கப்பலேறி வந்து, இங்கே வேலைக்கு அமர்ந்து, முதல் சம்பளங்களைச் சேர்த்துச் செய்த படாக் கட்டிலைப்போல் நான் ஒன்று செய்ய முடியாது. அவர் காலமான பிறகு கட்டிலைக் கழற்றி எடுத்த பலகைகள் மொத்தம் ஒன்பது. ப்ளைவுட் வேண்டுமானால் சென்னையிலிருந்து மூன்று நாள் கடல் தாண்டிக் கப்பலில் வருகிறது. அப்பாவின் பலகை எந்தக் கப்பலிலும் வராது.

ஒன்பதில் ஒன்றைத்தான் அன்று கெடுத்தேன்.

2.8 விநாடி

இப்படித் தப்புச் செய்தவன் நான் ஒருவன்தானா என்று விசாரிக்கத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக நண்பர்கள், மகளின் பள்ளியில் மற்றப் பெற்றோர் என்று வீட்டில் சுத்தியல் எடுக்கிற எல்லாரிடமும் கேட்டேன். கேட்டவுடனே எல்லாருக்கும் ஒன்று நினைவு வந்தது.

டேப்பின் நுனி வளைந்து போயிருக்கிறது என்று 10 சென்டிமீட்டர்க் கோட்டிலிருந்து அளக்கத் தொடங்கினார் ஒருவர். கடைசியில் பத்தைக் கழிக்க வேண்டும். கழிப்பதற்குள் குழந்தை தொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தது. பலகை பத்து சென்டிமீட்டர் நீளமாகப் போயிருந்தது. நீளமாகப் போனால் திரும்ப அறுத்துக்கொள்ளலாம், அவருக்கு அதிர்ஷ்டம். இன்னொருவர் அலமாரிக்கு இடப்பக்கப் பலகை இரண்டு செய்துவிட்டார். இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருந்தன, அதுதான் தப்பு: ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருந்திருக்க வேண்டும். மூன்றாமவர் தட்டுக்குத் துளை போட்டபோது அடியில் கட்டை வைக்க மறந்து, சாப்பாட்டு மேசையையும் சேர்த்துத் துளைத்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன மூன்று வயது மகன், கொசு கடித்ததும் கையை நகர்த்திச் சொறிந்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டதைக் கவனிக்காதவரும் உண்டு. சமையலறைத் தட்டு இன்றும் ஒருபக்கம் சாய்ந்தே இருக்கிறது. உருண்டை டப்பாக்களை அங்கே வைப்பதில்லை என்றார்.

இவர்களில் யாரும் வேலை தெரியாதவர்கள் இல்லை. ஒருவர் படகு செப்பனிடுபவர், மில்லிமீட்டர்க் கணக்கில் வேலை பார்ப்பவர்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 300 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். கணினித் திரையில் படிப்படியாக, வரிசை மாறாமல் செய்ய வேண்டிய ஒரு வேலை. நடுநடுவே ஒரு குறுக்கீடு: இரண்டு எழுத்துகளைத் தட்டச்சு செய்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம், அவ்வளவுதான். அந்தக் குறுக்கீடு சராசரியாக 2.8 விநாடி நீடித்தபோது, எந்தப் படியில் விட்டோம் என்பதில் நேர்ந்த பிழைகள் இரண்டு மடங்காயின. 4.4 விநாடி நீடித்தபோது மூன்று மடங்காயின.

‘அப்பா, இங்க பாரேன்’ என்று ஒரு குழந்தை சொல்லி, நாம் திரும்பிப் பார்த்து, ‘ஆமாடா செல்லம்’ என்று சொல்லித் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மூன்று விநாடி.

இந்த ஆய்வில் என்னை உலுக்கியது, பிழை எந்த வகையானது என்பதுதான். குறுக்கீட்டுக்குப் பிறகு அவர்களுக்கு வேலை மறந்துபோகவில்லை, செய்யத் தெரியாமலும் போகவில்லை. விட்ட இடத்தைத்தான் தவறாக நினைவு வைத்திருந்தார்கள். தவறான படியை அடுத்த படியாக நினைத்து, அதையே செய்தார்கள். நானும் அந்தக் கோட்டை நிச்சயமான மனசோடுதான் அறுத்தேன்.

பலகை காட்டிக்கொடுக்கும், திருகாணி காட்டிக்கொடுக்காது

குட்டையாய்ப் போன பலகை நம் முகத்துக்கு நேரே நின்று ‘நீ தப்புச் செய்தாய்’ என்று சொல்லிவிடும். வருத்தப்படலாம், ஒட்டுப்போடலாம், வேறு எதற்காவது எடுத்துக்கொள்ளலாம். நான் பயப்படுவது இன்னொரு வகைத் தப்புக்கு. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத ஆரம்பித்தேன்.

மகளின் துணிமணிக்கென்று ஓர் அலமாரி செய்தேன். ஆளுயரம், குறுகலான அடி. செய்து முடித்ததும் மேலே இரண்டு எல்-கிளாம்ப் வைத்துச் சுவரோடு பிணைத்தேன். எங்கள் வீட்டுச் சுவர் ஹாலோ பிளாக் சுவர். துளை போட்டு, பிளக் செருகி, அதற்குள் திருகாணியை ஏற்ற வேண்டும். இடப்பக்கக் கிளாம்பை முடித்தேன். வலப்பக்கம் துளை போட்டாயிற்று, பிளக் செருகியாயிற்று. கிளாம்பை வைத்து, திருகாணியை விரலாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்தினேன். திருப்புளியை எடுக்கக் கையை நீட்டியபோது குளியலறையிலிருந்து குரல்: “அப்பா, முடிச்சுட்டேன்!”

பெற்றவர்களுக்கு இந்தக் கூப்பாடு தெரியும். ‘கொஞ்சம் இரு’ என்று சொல்ல முடியாத கூப்பாடு. போனேன், கழுவிவிட்டேன், உடுப்பு மாற்றினேன். சாப்பாட்டு நேரமாகிவிட்டது. சாப்பிட்டோம். மறுநாள் அலமாரிக்குள் துணிகளை அடுக்கும்போது மேலே பார்த்தேன். இரண்டு கிளாம்ப், இரண்டிலும் திருகாணித் தலை. வேலை முடிந்தது.

பதினாலு மாதம் கழித்து அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டி அலமாரியைக் கழற்றப் போனேன். வலப்பக்கத் திருகாணியில் திருப்புளியை வைக்கும் முன்பே, விரல் பட்டு, அது கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. திருகாணியின் மறையில் ஒரு துளிகூடச் சுவர்த் தூள் இல்லை. புதிதாக வாங்கியதுபோல் பளபளவென்று இருந்தது.

அந்தப் பதினாலு மாதமும் என் மகள் கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறித்தான் மேலே இருந்த தன் பொம்மைப் பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். தினமும்.

இதை எழுதும்போதும் கை சில்லிடுகிறது.

இந்தத் தீவுகள் நிலநடுக்க வரைபடத்தில் நெடுங்காலமாக மிக ஆபத்தான மண்டலத்தில் இருப்பவை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை ஆறரை மணி வாக்கில், 9.1 அளவில் பூமி குலுங்கியபோது நான் இளைஞன். எங்கள் வீட்டுப் பாத்திர அலமாரி சுவரைவிட்டுத் தரையில் நடந்து வந்ததைப் பார்த்தவன். ‘நடந்து வந்தது’ என்பதற்கு வேறு சொல் என்னிடம் இல்லை. கடல் வந்தது அதன்பிறகுதான். அவ்வளவு பெரியது மறுபடி வரவில்லை என்றாலும், சின்ன நடுக்கங்கள் இங்கே வந்துகொண்டேதான் இருக்கின்றன. விசிறி ஆடும், நாய்கள் குரைக்கும், நாம் மறுபடி படுத்துக்கொள்வோம். அந்தப் பதினாலு மாதத்தில் அலமாரியைப் பிடித்திருந்தது ஒற்றைத் திருகாணி.

நிலநடுக்கம் இல்லாத ஊர்களுக்கும் இது பொருந்தும். இழுப்பறைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து அதன்மேல் ஏறுவது குழந்தை சுபாவம். இழுப்பறை முன்னால் வர வர அலமாரியின் பாரமும் முன்னால் வருகிறது. குழந்தையின் எடையும் சேர்ந்தால் மொத்தமும் கவிழ்கிறது. அமெரிக்காவில் குழந்தைகள் இப்படி நசுங்கி இறந்ததைத் தொடர்ந்து, ஐக்கியா நிறுவனம் 2016 ஜூனில் அங்கே விற்ற சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2022இன் இறுதியில் அதற்கென்றே அங்கே ஒரு சட்டமும் வந்தது. 27 அங்குலமும் அதற்கு மேலும் உயரமுள்ள துணி அலமாரி, 60 பவுண்டு வரை, அதாவது சுமார் 27 கிலோ எடையுள்ள குழந்தை ஏறித் தொங்கினாலும் கவிழக் கூடாது என்பது இப்போது அங்குள்ள விதி. 27 அங்குலம் என்பது நம் இடுப்பு உயரம்கூட இல்லை. நம் வீடுகளில் உள்ள அலமாரிகளை நினைத்துப் பாருங்கள்.

தொழிற்சாலைக்கு விதி உண்டு, சோதனை உண்டு. வீட்டில் அப்பா செய்கிற அலமாரியைச் சோதிப்பது அதில் ஏறுகிற குழந்தைதான்.

குறுக்கீட்டில் ஒரு படி விட்டுப்போகும் என்ற பாடத்தை விமான ஓட்டிகள் ரத்தம் சிந்திக் கற்றவர்கள். 1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் 255 என்ற விமானம், இறக்கையின் மடிப்புகளை இறக்காமலே மேலேற முயன்று விழுந்தது. 156 பேர் இறந்தார்கள். மடிப்பை இறக்குவதைச் சரிபார்க்கும் பட்டியலையே ஓட்டிகள் படிக்காமல் விட்டிருந்தார்கள் என்று விசாரணை சொன்னது. ஓடுபாதை மாற்றம், அது இது என்று கவனம் வேறுபக்கம் போயிருந்தது. விமானத்தில் இருந்தவர்களில் உயிர் பிழைத்தது ஒரே ஒருவர், நாலு வயதுச் சிறுமி. இதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1981இல், பத்தாயிரம் அடி உயரத்துக்குக் கீழே விமானி அறையில் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பேச்சும் கூடாது என்று அமெரிக்கா விதி செய்திருந்தது. அனுபவசாலிகளுக்கும் அந்த விதி தேவைப்பட்டது. வீட்டில் ஒரு கையில் டிரில், மறு காதில் குழந்தையின் குரல் என்று நிற்கிற நாம் மட்டும் சமாளித்துவிடுவோம் என்று எந்த நம்பிக்கையில் இருக்கிறோம்?

கரண்ட் போய் வந்தால்

மெஷின்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மார்பிள் அறுக்கிற கட்டிங் மெஷினில் மர பிளேடை மாட்டி அறுப்பது நம் ஊர் வழக்கம். நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் சுற்றுவது அது. மேல்மூடியைக் கழற்றிவிட்டு வேலை பார்ப்பவர்களும் உண்டு, கோடு நன்றாகத் தெரியும் என்பதற்காக.

எங்கள் ஊரில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் ஓடுவது. போவதும் வருவதும் சகஜம். நண்பர் ஒருவர் பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. சுவிட்சு ‘ஆன்’ நிலையிலேயே பூட்டியிருந்தது. அந்த நிசப்தத்தில் உள்ளே குழந்தை அழுவது கேட்டது. மெஷினைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்து நின்ற நேரம் கரண்ட் வந்தது. மெஷின் தானே உயிர்பெற்று, வட்டமடித்துத் துள்ளி, சுவரில் மோதி நின்றது. சிமென்ட் பூச்சில் அதன் தடம் ஒரு பிறைபோல் இருக்கிறது. குழந்தை இடுப்பில் இருந்தது. அவர் அன்று கீழே இறக்கிவிடவில்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்லை. குழந்தை விழித்திருக்கும் வீட்டில், அதைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இல்லாதபோது, மின்ரம்பத்தைத் தொடக் கூடாது. எழுந்து போவதென்றால் பிளக்கை உருவிவிட்டுப் போக வேண்டும். சுவிட்சை அணைப்பது போதாது.

‘இன்னொருவர்’ என்பதையும் கொஞ்சம் விளக்க வேண்டும். என் தெருவில் ஓர் ஆசிரியை தன் வீட்டுத் தட்டுகள், ஷூ ஸ்டாண்டு எல்லாம் தானே செய்கிறார். எங்கள் யாரையும்விடச் சுத்தமான கைவேலை. அவர் சொன்னது: “அவர் வீட்லதான் இருக்கார். ஆனா பாப்பா அழுதா ‘அம்மா’ன்னுதான் அழும். அவரும் என்னைத்தான் கூப்பிடுவார்.” கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தாலே பாதிப் பிழைகள் வராது என்கிறார். சும்மா வீட்டில் இருப்பதற்குப் பார்த்துக்கொள்வது என்று பெயரில்லை.

அண்ணாச்சியின் கொட்டாங்கச்சி

எங்கள் பகுதியில் எல்லாரும் ‘மிஸ்திரி’ என்று அழைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நான் அண்ணாச்சி என்பேன். எழுபதைத் தாண்டியவர். ஐந்து பிள்ளைகளை வளர்த்த வீட்டின் தாழ்வாரத்திலேயே அவருடைய பட்டறையும் இருந்தது. விழுந்த திருகாணியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். சிரிக்கவில்லை. தாழ்வாரத்தில் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“தம்பி, நீங்க எண்ணை மனசுல வச்சுக்கிட்டு நடக்கீங்க. புள்ள கூப்பிட்டா எண் கீழ விழுந்துரும். நான் எண்ணே வச்சுக்கிடறதில்ல.”

ஒரு ரீப்பர்க் குச்சியை எடுத்தார். சுவரில் மாடக்குழி ஒன்று இருந்தது. அதற்குள் குச்சியை நிறுத்தி, உயரத்துக்கு உளியால் ஒரு கீறல், அகலத்துக்கு ஒரு கீறல், தட்டு வருகிற இடங்களில் ஒவ்வொரு கீறல். அந்தக் குச்சியை அப்படியே பலகைமேல் படுக்க வைத்துக் குறி எடுத்தார். டேப்பும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை, கழித்தல் கூட்டல் இல்லை. எண் இல்லாததால் மறக்க ஒன்றுமில்லை. எழுந்து போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் குச்சி அதே அளவைத்தான் சொல்லும். அறுக்க வேண்டிய கோட்டின் கழிவுப் பக்கத்தில் பென்சிலால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். பெருக்கல் குறி இல்லாத கோட்டை அவர் கை அறுப்பதே இல்லை. அதைப் பார்த்ததும் என் மகளின் கோடு நினைவுக்கு வந்தது. அவள் கோட்டை மட்டும்தானே போட்டாள், குறி போடவில்லையே. நானும் போட்டிருக்கவில்லை.

பிறகு கொட்டாங்கச்சியை எடுத்தார். வேலை தொடங்கும் முன்பே அந்த வேலைக்கு எத்தனை திருகாணி வேண்டுமோ அத்தனையை எண்ணி அதில் போட்டுவிடுவார். ஒன்றுகூட அதிகம் கிடையாது. அது காலியானால்தான் வேலை முடிந்தது. கச்சியில் ஒன்று மிஞ்சினால் எங்கோ ஒரு துளை காத்திருக்கிறது.

“ஆனா நான் திருகாணியைக் கையால செருகி வச்சுட்டேனே அண்ணாச்சி. அப்போ கச்சி காலியாத்தானே இருந்திருக்கும்?”

“அதான் செய்யப்படாது. திருப்புளி ஒரு கையில இருந்தாத்தான் மத்த கை கச்சிக்குள்ள போகணும். எடுத்தா முடுக்கிறணும். முடுக்க முடியலையா, திருப்பி கச்சிக்குள்ள போட்டுட்டு எந்திரிங்க. பாதி வேலை பாதி வேலை மாதிரியே தெரியணும் தம்பி. முடிஞ்ச மாதிரி தெரிஞ்சா அது பொய்யி.”

இத்தனை ஆண்டுகளில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. பாதியில் எழுந்து போகும்போது உளியை வேலைமேல் குறுக்கே வைத்துவிட்டுப் போவது, கதவின் ஒரு கீல் பாக்கி என்றால் கதவைத் திறந்தபடியே சாய்த்து வைப்பது, பசை தடவ வேண்டிய இணைப்பைச் சும்மாகூடப் பொருத்தி வைக்காமல் இருப்பது என்று அவர் வழக்கமாகச் செய்ததெல்லாம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. நான் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டு, எழுந்து போகும் முன் எல்லாவற்றையும் நேர்த்தியாக அடுக்கி வைத்துவிட்டுப் போவேன். நேர்த்திதான் என்னை ஏமாற்றியிருக்கிறது.

பிள்ளைகளை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் நடக்கத் தெரிந்ததும் ஒரு கட்டையும் ஒரு சின்னச் சுத்தியலும் கொடுத்து, பட்டறைக்கு வெளியே ஒரு கோடு கிழித்து, அதற்கு அந்தப்பக்கம் உட்கார வைப்பாராம். அழுதால்? “அன்னைக்கு வேலை அவ்ளோதான்.”

காலை ஐந்து மணி

எங்களுக்கு இயற்கை ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. இந்தியாவுக்கு ஒரே மணிக்கணக்கு என்பதால், இவ்வளவு கிழக்கே இருக்கிற எங்களுக்குச் சூரியன் காலை ஐந்து மணி வாக்கிலேயே வந்துவிடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். அலுவலகம் முடிந்து வந்து விளக்கு வெளிச்சத்தில், விழித்திருக்கும் குழந்தையோடு வேலை பார்த்த வேளையில்தான் நான் செய்த எல்லாத் தப்புகளும் நடந்தன. இப்போது ஞாயிறு காலை ஐந்து மணிக்குத் தாழ்வாரத்துக்கு வந்துவிடுகிறேன். கிழக்கே வெளுத்திருக்கும். மகள் ஏழரை வரை எழுந்திருக்க மாட்டாள். இரண்டரை மணி நேரம் சத்தமில்லாத வேலைகள்: குச்சியில் குறி எடுப்பது, கோடு போடுவது, பெருக்கல் குறி போடுவது, உளியைச் சாணைக்கல்லில் தீட்டுவது. சத்தமுள்ள வேலை என் மனைவி அவளை அம்மாச்சி வீட்டுக்கு அழைத்துப்போகும் நாட்களுக்கு.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல். இங்கே ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை. மார்ச் மாத வறட்சியில் பொருத்திய கதவு ஜூலையில் உப்பி நிலையில் இறுகிக்கொள்ளும். பலகை நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, அகலவாக்கில்தான் விரியும். இதை அறியாமல் செய்த தப்பையும் நான் குழந்தையின் தலையில் போட்டதுண்டு. இழுப்பறை மாட்டிக்கொண்டபோது ‘அன்னைக்கு நீ கூப்பிட்டதாலதான் அளவு தப்பிடுச்சு’ என்று சொல்லியிருக்கிறேன். அளவு சரியாகத்தான் இருந்தது. விரிவதற்கு இடம் விடாதது என் தப்பு. ஐந்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் தாழ்வாரத்துப் பக்கமே வரவில்லை. பிறகு அவள் காதில் விழும்படி, அவளுக்குப் புரியும்படி, இழுப்பறையைக் கழற்றிக் காட்டி, மரம் தண்ணீர் குடித்தால் எப்படிப் பருக்கும் என்று விளக்கினேன்.

அவளுக்கு இப்போது ஆறு வயது. பட்டறையில் அவளுக்கென்று நீலச் சாக்பீஸ், பென்சில் என்னுடையது. நீலக் கோட்டை நான் அறுப்பதில்லை, பென்சில் கோட்டை அவள் போடுவதில்லை. நாலு அங்குலம் குட்டையாய்ப் போன அப்பாவின் பலகை இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதை வைத்து என்ன செய்வது என்று முடிவு செய்யவில்லை. அவள் போட்ட கோட்டின் பாதித் தடம் அதன் ஓரத்தில் இன்னும் இருக்கிறது.

போன வாரம் அவளுடைய புதுப் புத்தகத் தட்டைச் சுவரில் ஏற்றினேன். எட்டுத் திருகாணி எண்ணிக் கச்சியில் போட்டேன். ஆறாவதை முடுக்கி முடித்தபோது கேட்டில் யாரோ கூப்பிட்டார்கள். தண்ணீர் லாரி வந்திருந்தது. திருப்புளியைத் தட்டின்மேல் குறுக்கே வைத்துவிட்டுப் போனேன். லாரிக்காரரோடு பேசி, தொட்டி நிரம்பும்வரை நின்று, காசு கொடுத்துவிட்டு வந்து கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். முதல் கவளத்தை எடுக்கும்போது தாழ்வாரத்திலிருந்து குரல் வந்தது.

“அப்பா, கச்சியில இன்னும் ரெண்டு இருக்கு.”

கையை உதறிக்கொண்டு எழுந்தேன்.